ரிப்போர்ட்டில் இல்லாத வலி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் பேசக் கூப்பிட்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். 1939-லிருந்து கம்பன் விழா கேட்டுப் பழகிய ஊர் இது. மேடையில் இருப்பவன் உளறினால் முதல் வரிசைக்கு உடனே தெரிந்துவிடும். நான் பொதுமருத்துவம் பார்ப்பவன், அதனால் என் அறைக்கு வந்த ஒரு ஆச்சியிடமிருந்தே தொடங்கிவிடுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். பக்கத்து ஊர் ஆச்சியைச் சந்தேகப்படாதீர்கள்.

எழுபதைத் தாண்டியவர். இடது தோளில் ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் வலி, இரண்டு வருஷமாக. கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஈசிஜி, எக்கோ, கழுத்து எக்ஸ்ரே, எம்ஆர்ஐ. எனக்கு முன்னால் மூன்று டாக்டர்கள் பார்த்தாயிற்று. நானும் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "ஒண்ணுமில்லை ஆச்சி, எல்லாம் நார்மல்" என்றேன். நல்ல சேதி சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஆச்சி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லேன்னா, நான் பொய்யா சொல்றேன் தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. அதற்கு முன்னால் அந்த 'ஒண்ணுமில்லை'யை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று அன்று ராத்திரி நினைத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. காலையில் எனக்கே கழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது!

மனசுக்கும் உடம்புக்கும் சம்பந்தம் உண்டு என்று தமிழனுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பிள்ளை போனால் பெற்ற வயிறு பற்றி எரிகிறது. அழுகையை அடக்கினால் தொண்டை அடைக்கிறது. குறளில் 'உறுப்புநலன் அழிதல்' என்றே ஓர் அதிகாரம், 124-ஆவது. பிரிந்து போனவனை நினைத்துத் தோள் மெலிகிறது, வளை கழல்கிறது. கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆண்கள் கப்பலேறி, வருஷக்கணக்கில் பெண்கள் இந்தப் பெரிய வீடுகளில் காத்துக் கிடந்த சீமையில் அந்த அதிகாரத்துக்கு உரை வேண்டுமா என்ன? அந்த ஆச்சிமார்களுக்கு என்னென்ன தலைவலி, வயிற்றுவலி இருந்தது என்பதை எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்கவில்லை.

சரி, இதெல்லாம் பேச்சுவழக்கு, உடம்புக்குள் நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா என்று கேட்பீர்கள். நடக்கிறது.

1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு விசித்திரமான இதய நோயைப் பற்றி எழுதினார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஈசிஜியில் மாற்றம் எல்லாம் மாரடைப்பு மாதிரியே இருக்கும். ரத்தக்குழாயைப் பார்த்தால், இந்தப் பாட்டை விளக்கும் அடைப்பு எதுவும் இருக்காது. ஆனால் இதயத்தின் இடது கீழறையின் கீழ்முனை சுருங்க மாட்டாமல் உப்பி நிற்கும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கழுத்துக் குறுகி வயிறு பெருத்த ஜாடிகளைப் பார்த்திருப்பீர்கள், ஏறத்தாழ அந்த வடிவம். அவர்கள் ஊரில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானை அப்படி இருக்குமாம். அதன் பெயரையே வைத்து 'டகோட்சுபோ' என்றார்கள். வருகிறவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற வயதினர். பலருக்கு அதற்குச் சற்று முன்னால் ஒரு சாவுச் செய்தியோ, பெரிய அதிர்ச்சியோ இருந்திருக்கும். அட்ரினலின் வகைச் சுரப்புகள் வெள்ளமாகப் பாய்ந்து இதயத் தசையைத் திகைக்க வைக்கின்றன என்பதே இப்போதைக்குப் பலரும் ஏற்கும் விளக்கம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலர் தேறுவதில்லை.

மனைவியை இழந்த, 55 வயதைத் தாண்டிய 4,486 ஆண்களைப் பிரிட்டனில் ஒன்பது வருஷம் தொடர்ந்து கவனித்து 1969-இல் வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களுடைய இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல். 'ஆச்சி போன ஆறு மாசத்துல செட்டியாரும் போயிட்டாரு' என்று நாம் சொல்வதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு ஆய்வு அமெரிக்காவின் ஓஹையோவில், 1995-இல். மறதிநோய் வந்த சொந்தக்காரரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஒரு பக்கம், அந்தச் சுமை இல்லாத பெண்கள் ஒரு பக்கம். இருவர் கையிலும் ஒரே அளவில் சின்னக் காயம். சுமை சுமந்த பெண்களுக்கு அது ஆற ஒன்பது நாள் அதிகம் பிடித்தது.

இதயமும் காயமும் மட்டும் இல்லை. பதற்றத்தில் மூச்சு வேகமாகும். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரத்துப்போகும், நெஞ்சு இறுகும். நாள்பட்ட கவலையில் நம்மை அறியாமல் தோளை உயர்த்தியே வைத்திருப்போம், கழுத்துத் தசை கட்டிக்கொள்ளும். தூக்கம் கெட்டால் மூளை வலியைக் கூடுதலாக உணரும். இதில் எது ஸ்கேனில் தெரியும்?

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி என்றதும் 'மனக்கவலைதான், மோர் குடித்துவிட்டுப் படு' என்று யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது. முதலில் ஈசிஜி. பெண்களுக்கு மாரடைப்பு வந்தாலே 'வாயு' என்று சுக்கு இடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் உயிர்கள் போயிருக்கின்றன. டகோட்சுபோவா மாரடைப்பா என்பதை வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

ஆச்சியிடம் திரும்புகிறேன். அடுத்த முறை வந்தபோது ரிப்போர்ட்டைத் தொடவில்லை. "எப்போதிலிருந்து ஆச்சி?" என்று மட்டும் கேட்டேன். பங்காளிகள் வீட்டைப் பிரித்ததிலிருந்து என்றார். ஆள்களை விட்டு வளவின் தேக்குத் தூண்களை இறக்கி லாரியில் ஏற்றினார்களாம். "மத்தியானம் ஒரு தூணுல சாஞ்சுதான் உக்காருவேன். கலியாணமாகி வந்த நாள்லேர்ந்து." தூணுக்கும் தோளுக்கும் முடிச்சுப் போடுவது கதைக்கு நன்றாக இருக்கும், மருத்துவத்தில் அவ்வளவு நேர்க்கோடு கிடையாது. கழுத்தெலும்புத் தேய்மானம் அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் அந்தத் தூணைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. ஆள் செத்தால் கேதம் கேட்க ஊரே வருகிறது. வீடு போனதற்குக் கேதம் யார் கேட்பது?

தோளுக்குப் பயிற்சி, தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் குறைந்த அளவில் மருந்து, மாதம் ஒருமுறை பத்து நிமிஷப் பேச்சு. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. பத்துக்கு எட்டு என்று சொன்ன வலியை ஆறு மாதம் கழித்து நாலு என்றார். மழைக்காலத்தில் ஐந்து.

போன மாதம் மஞ்சப்பை இல்லாமல் வந்தார். "ரிப்போர்ட் பை எங்கே ஆச்சி?" என்றேன்.

"அதுல வத்தல் போட்டு வச்சிருக்கேன் தம்பி."