31 என்றது வாட்ச், 37.4 என்றது மாஸ்க்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஓட்ட வீடியோ இல்லை. சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுகிறேன், லேபில் எடுத்த வி.ஓ.2 மேக்ஸ் டெஸ்ட்டின் ரிப்போர்ட் இப்போதுதான் கைக்கு வந்தது.

கத்திரி வெயில் வீடியோவில் என் முகத்தைப் பார்த்து "என்னக்கா ஆச்சு" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஆனது இதுதான். பிப்ரவரியில் என் வாட்ச் வி.ஓ.2 மேக்ஸ் 35 என்று காட்டியது. மே கடைசியில் 31. கூடவே "சுமார்" என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். வாரத்தில் நான்கு நாள் திருவான்மியூரிலிருந்து பெசன்ட் நகர் பீச் வரைக்கும் போய்த் திரும்புகிறேன், மே மாதம் முழுக்க ஒரு நாள்கூட விடவில்லை. எனக்குச் சுமாரா? இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. இதயத்தில் ஏதோ கோளாறு என்றே நினைத்துவிட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. வி.ஓ.2 மேக்ஸ் என்றால், முழு மூச்சாக ஓடும்போது உடம்பு ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லி லிட்டர் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்ற கணக்கு. நூறு வருடத்துக்கு முன்னால், 1923-இல் ஏ.வி. ஹில் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதை எழுதினார். மான்செஸ்டரில் முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, விடும் மூச்சையெல்லாம் அதில் பிடித்தபடி அவரே புல்தரையைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அளக்க வேண்டியது மூச்சுக் காற்று, அதையே பிடித்து அளந்தார்.

வாட்ச் மூச்சை அளப்பதே இல்லை. இது எனக்கே போன வாரம் வரை மண்டையில் ஏறவில்லை.

சரி, டெஸ்ட்டுக்கு வருகிறேன். 7,000 ரூபாய். ஆமாம், ஏழாயிரம். வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சுதான். ஆனால் வாட்ச்சுக்கு 32,000 கொடுத்தபோது யாரும் கேட்கவில்லையே! மார்பில் ஈசிஜி ஒயர்கள், முகத்தில் ரப்பர் மாஸ்க், பக்கத்தில் டாக்டர். ட்ரெட்மில்லின் வேகமும் ஏற்றமும் நிமிடத்துக்கு நிமிடம் கூடும். இனி முடியாது என்று நாம் கை காட்டும் வரைக்கும் நிறுத்த மாட்டார்கள்.

அங்கேதான் மூக்குத்திப் பிரச்சினை. மாஸ்க் மூக்கின் மேல் ஒட்டி உட்கார வேண்டும், காற்று கொஞ்சம்கூட வெளியே போகக் கூடாது. என் மூக்குத்தி முட்டிக்கொண்டு ஒரு பக்கம் காற்று கசிந்தது. கழற்றச் சொன்னார்கள். கழற்ற முடியாது, அது பாட்டி போட்டுவிட்டது, திருகு இறுகிப் பதினைந்து வருடம் ஆகிறது. மேலே டேப் ஒட்டிப் பார்த்தார்கள், கசிந்தது. வார்களை இறுக்கிப் பார்த்தார்கள், கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். கடைசியில் லேபில் மாஸ்க் மாட்டிவிடும் பெண், முகம் முழுக்க வேர்வையோடு, பீரோ அடித்தட்டிலிருந்து ஒரு அளவு பெரிய மாஸ்க்கைத் தேடி எடுத்து வந்து மாட்டினார். கசிவு இல்லை! இருபத்தைந்து நிமிடம் இதற்கே போனது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெரிய நன்றி.

முடிவு 37.4. வாட்ச் சொன்னதைவிட 6.4 அதிகம். ஈசிஜியில் குறை எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? வாட்ச் போடும் கணக்கு இதுதான்: இந்த வேகத்தில் ஓடுகிறாய், துடிப்பு இவ்வளவு, அது உன் உச்சத் துடிப்பில் இத்தனை சதவீதம், அப்படியென்றால் உச்சத்துக்குப் போனால் இவ்வளவு ஆக்ஸிஜன் எடுப்பாய். அந்த உச்சத்தை எங்கே பிடித்தது? 220-இல் வயதைக் கழித்து. எனக்கு 43, அதனால் 177. லேபில் கடைசி நிமிடம் வந்த துடிப்பு 184. நான் 155-இல் ஓடும்போது வாட்ச்சுக்கு அது 88 சதவீதம், உண்மையில் 84. இவள் பாவம், இந்த வேகத்துக்கே இவ்வளவு திணறுகிறாள் என்று நினைத்து மார்க்கைக் குறைத்துவிட்டது. 2010-இல் மார்த்தா குலாட்டி என்ற இதய மருத்துவர் பெண்களை வைத்து ஆராய்ந்து, வயதை 0.88-ஆல் பெருக்கி 206-இல் கழிக்கச் சொன்னார். அதில் எனக்கு 168 வருகிறது. அந்தச் சூத்திரம் தப்பு என்று சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்ட சராசரி, என் ஒருத்தியின் இதயத்துக்கு எப்படிப் பொருந்தும்?

இதைவிடப் பெரிய காரணம் வெயில். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அந்த லேப் முழுக்க ஏசி. நம் பீச்சில் மே மாதம் காலை ஐந்தரைக்கே சட்டையைப் பிழியலாம். உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோல் பக்கம் திரும்புகிறது, வேர்வையில் தண்ணீர் போய்விடுகிறது, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்தே ஆக வேண்டும். சில வாட்ச்கள் வெப்பத்தையும் கணக்கில் எடுக்கும். என்னுடையது எடுப்பதில்லை. வெயிலின் பாரத்தை என் இதயத்தின் தலையில் கட்டிவிட்டது. எனக்குக் கோபம் இதில்தான்.

பச்சை விளக்கு விஷயமும் இருக்கிறது. வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளி ஏறி இறங்குவதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. கை ஆடினால் அதற்கும் ஒளி ஏறி இறங்கும். போன ஞாயிறு, துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டையையும் கட்டிக்கொண்டு ஓடினேன். முதல் பத்து நிமிடம் பட்டையில் 142, வாட்ச்சில் 168. அந்த 168 எங்கிருந்து வந்தது தெரியுமா? என் காலடி! நிமிடத்துக்கு 168 அடி வைக்கிறேன், அதைப் போய்த் துடிப்பு என்று எண்ணியிருக்கிறது. வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிய பிறகு சரியாகிவிட்டது. நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின்சாரத்தையே பிடிப்பதால் இந்தக் குழப்பம் கிடையாது. ஆனால் கட்டும் முன் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்திருந்தால் அதுவும் கன்னாபின்னா என்று காட்டும்.

என் அம்மாவுக்கு நேர் எதிர். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை துடிப்பை ஏற விடாது. நான் வாங்கிக் கொடுத்த, துடிப்பை அளக்கும் கைப்பட்டை அம்மாவுக்கு "மிகச் சிறப்பு" கொடுத்திருக்கிறது. அம்மா தெருவுக்கே காட்டிவிட்டார், நான் பிடித்து உட்கார வைத்து விளக்கினேன். உங்கள் வீட்டிலும் யாராவது அந்த மாத்திரை எடுத்தால் இந்த மார்க்கை நம்பி ஓட்டத்தைக் கூட்ட விடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. 1968-இல் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க விமானப்படை டாக்டர் ஒரு சோதனை கொண்டுவந்தார். 12 நிமிடம் ஓடு, எத்தனை மீட்டர் என்று பார், 504.9-ஐக் கழி, 44.73-ஆல் வகு. அவ்வளவுதான். நேற்று விடிகாலை பள்ளி மைதானத்தில், 400 மீட்டர் வட்டத்தில் ஐந்து சுற்றும் 150 மீட்டரும் ஓடினேன். 2,150 மீட்டர். 36.8! ஏழாயிரம் ரூபாய் லேபுக்கு 0.6 பக்கத்தில், பைசா செலவில்லாமல். ராத்திரி நல்ல மழை பெய்து குளிர்ந்திருந்தது, அதுவும் உதவியிருக்கும். ஆனால் முழு மூச்சாக ஓட வேண்டிய சோதனை இது, நெஞ்சுவலி, மயக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முயல வேண்டாம்.

வாட்ச்சை விற்கப்போகிறாயா என்று தங்கை கேட்டாள். இல்லை. உச்சத் துடிப்பை 184 என்று மாற்றிவிட்டேன். மார்கழியில் அதே சாலை, அதே நேரம் ஓடி, அதன் எண்ணை இந்த மார்கழிக்கும் அடுத்த மார்கழிக்கும் ஒப்பிடப்போகிறேன். பிப்ரவரியையும் மே மாதத்தையும் பக்கத்தில் வைத்து இனி பார்க்க மாட்டேன்.

ஆங், இன்னொன்று. டெஸ்ட்டுக்குப் போகும் பெண்கள், மூக்குத்தி போட்டிருந்தால் பெரிய அளவு மாஸ்க் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.