ஆச்சி சொன்ன மதமதக்கத் தாழி | ஆதிச்சநல்லூர் வ்லாக்

வணக்கம் மக்களே, சத்தம் கேக்குதா? காத்து பயங்கரமா அடிக்குது, மைக்ல ஒரு பஞ்சு மாட்டிருப்பேன், அது வழியில எங்கயோ விழுந்துருச்சு, அதனால கையால பொத்திக்கிட்டுத்தான் பேசுறேன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. இப்ப நான் நிக்கிறது ஆதிச்சநல்லூர். திருநெல்வேலில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல கருங்குளம் தாண்டினா வரும். திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனவங்க எல்லாருமே இத தாண்டித்தான் போயிருப்பீங்க, ஜன்னல்ல பாத்தா ஒரு செம்மண் மேடு, நாலு உடமரம், அவ்ளோதான் தெரியும். இந்த மேட்டுக்கு ஊர்ல பரம்புன்னு பேரு. 114 ஏக்கர். அம்புட்டும் பழங்காலத்து இடுகாடு.

நான் இங்க வந்ததுக்குக் காரணமே எங்க ஆச்சிதான். சின்ன வயசுல ராத்திரி கரண்ட் போச்சுன்னா ஆச்சி ஒரு கதை சொல்லும். அந்தக் காலத்துல மனுஷங்களுக்கு சாவே வராதாம், வயசாக வயசாக உடம்பு சுருங்கிக்கிட்டே போகுமாம், கடைசில பூனைக்குட்டி சைஸுக்கு ஆயிருவாங்களாம், வெளக்கு மாடத்துல தூக்கி வச்சிருவாங்களாம். அப்புறம் பாத்துக்கவே முடியாத நெலம வந்ததும் ஒரு பெரிய பானை செஞ்சு, உள்ள சோறு தண்ணி எல்லாம் வச்சு, உசுரோட உள்ள இறக்கி மூடிருவாங்களாம். அதுதான் மதமதக்கத் தாழி. கேட்டுட்டு நான் பல நாள் தூங்கல, ஆச்சி சுருங்குதான்னு காலைல அளந்து பாத்திருக்கேன், சிரிக்காதீங்க.

சரி, இப்ப உள்ள போயிட்டு வந்தேன். 2023ல தொல்லியல் துறை இங்கயே மியூசியம் திறந்தாங்க, தோண்டின குழிக்கு மேலயே கண்ணாடி போட்டு அது மேல நம்ம நடக்குற மாதிரி. என் கால் தெரியுது, காலுக்குக் கீழ தாழி தெரியுது, என் மூஞ்சி வேற கண்ணாடில லேசா விழுது... ஒரு மாதிரி ஆயிருச்சு, கொஞ்ச நேரம் காலை நகத்தவே இல்ல. தாழிக்கு வயிறு நல்லா அகலம், அடி குறுகிக்கிட்டே போகுது, வாய் விளிம்பு நம்ம கட்டைவிரல் தண்டி கனம். அதெல்லாம் வனைஞ்சு சூளையில வெடிக்காம சுட்டு எடுக்கணும்னா சும்மா இல்லைங்க.

இப்ப ஆச்சி கதைக்கு வருவோம். உசுரோட வச்சாங்களா? அதுக்கு ஆதாரமே கிடையாது. சில தாழில முழு உடம்பையும் முழங்காலை மடக்கி, குத்தவச்ச மாதிரி உக்கார வச்சிருக்காங்க. சிலதுல முழு எலும்புக்கூடே இருக்காது, மண்டை ஓடு, கை கால் நீள எலும்பு இது மட்டும்தான். அதாவது உடம்ப முதல்ல வேற எங்கயாச்சும் விட்டு, சதை எல்லாம் போனப்புறம் எலும்ப மட்டும் பொறுக்கிட்டு வந்து தாழில வச்சிருக்காங்க. நம்ம வீட்ல இன்னைக்கும் தகனம் முடிஞ்சு மறுநாள் காடாத்து, சாம்பல்ல எலும்பு பொறுக்கி கலயத்துல போடுறோம்ல, அத நெனைச்சுக்கோங்க. இது அதோட தொடர்ச்சின்னு நான் அடிச்சு சொல்ல வரல, ஆனா எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் கிழவன் கிழவிக்கு மட்டும்தான் இந்த மரியாதைன்னும் இல்ல, கீழடி பக்கத்துல கொந்தகைன்னு ஒரு இடுகாடு தோண்டினாங்கள்ல, அங்க 2020ல சின்னப்புள்ளையோட எலும்புக்கூடே கிடைச்சுது.

ஆனா ஆச்சி சொன்னதுல ஒண்ணு கரெக்ட். சோறு. ஆத்துக்கு அந்தப் பக்கம் சிவகளைல மூடி கலையாத ஒரு தாழில நெல்லு கிடைச்சுது, அத டெஸ்ட்டுக்கு அனுப்பினா கி.மு. 1155ன்னு வந்துச்சு. மூவாயிரம் வருஷத்துக்கு மேல! யாரோ ஒருத்தங்க போறவங்களுக்கு வழியில பசிக்கும்னு ஒரு கை நெல்லு போட்டிருக்காங்க.

இங்க கிடைச்ச சாமான் எல்லாம் இங்க இருக்குதான்னா, இல்ல. 1876ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் வந்து தோண்டி பெர்லினுக்குக் கொண்டு போயிட்டாரு. அடுத்து 1899ல இருந்து அலெக்சாண்டர் ரீன்னு ஒரு வெள்ளைக்காரர் தோண்டினாரு, அவர் எடுத்தது பூரா எக்மோர் மியூசியம். நெத்தில கட்டுற தங்கப்பட்டம், வெண்கலத்துல எருமை, சேவல், எல்லாம் அங்கதான். அப்புறம் நூறு வருஷம் கழிச்சு 2004ல தொல்லியல் துறை சத்தியமூர்த்தி டீம் தோண்டி நூத்தம்பதுக்கு மேல தாழி எடுத்தாங்க, அந்த ரிப்போர்ட் வர்றதுக்குள்ள கேஸ் கோர்ட் வரைக்கும் போச்சு, அத பேசினா எனக்கு பிபி ஏறும், விடுங்க.

ஒரு தமாஷ் என்னன்னா, புக்ல எல்லாம் இத பெருங்கற்காலம், அதாவது பெரிய பெரிய கல்ல வச்சு சமாதி கட்டின காலம்னுதான் போட்டிருக்கும், இங்க வந்து பாத்தா ஒரு பெருங்கல்லும் கிடையாது. ஈரோடு பக்கம் கொடுமணல்ல சமாதிய சுத்தி வச்ச கல்வட்டம் இருக்கு, கிருஷ்ணகிரி பக்கம் மல்லசந்திரத்துல பலகைக் கல்ல நிப்பாட்டி மேல மூடி போட்ட கல்திட்டை இருக்கு, ஊர்க்காரங்க பாண்டவர் வீடும்பாங்க, கேரளால மறையூர்ல அதையே முனியறைங்கிறாங்க. இங்க தாமிரபரணி கரையில மண்ணும் பானையும்தான், மேல அடையாளமே இல்ல. மணிமேகலைலயே சுடுறது, சும்மா போட்டுட்டு வர்றது, குழி தோண்டி புதைக்கிறது, தாழ்வான இடத்துல வச்சு அடைக்கிறது, தாழில கவிக்கிறதுன்னு ஒரே ஊருக்குள்ள அஞ்சு வகை சொல்லுது, அப்ப ஆளுக்கு ஒரு பழக்கம்தான் போல.

தாழிக்குள்ள உசுரோட போறேன்னு சொன்ன ஒரே ஆள் எனக்குத் தெரிஞ்சு புறநானூறுல வர்ற ஒரு அம்மாதான். புருஷன் செத்துட்டான், குயவர்கிட்ட போய் சொல்லுது, வண்டிச் சக்கரத்து ஆரக்கால்ல ஒட்டிக்கிட்டே வர்ற சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி அவர்கூடவே வந்தவ நான், தாழிய கொஞ்சம் அகலமா வனைஞ்சிருங்க, எனக்கும் சேத்துன்னு. கண்ணாடி மேல நின்னப்ப அந்த அகலமான வயிறப் பாத்து இதுதான் ஓடுச்சு மனசுல.

வெளிய வந்ததும் ஆச்சிக்கு போன் போட்டேன். ஆச்சி, நீ சொன்னது பூரா பொய், உசுரோடயும் வைக்கல, கிழவிங்க மட்டும் இல்ல, சின்னப்புள்ளைங்களையும் பொதைச்சிருக்காங்க, எலும்பே கிடைச்சிருக்குன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேக்குது, "ஏல, அது சின்னப்புள்ளதான்னு ஒனக்கு யாருல சொன்னா? சுருங்குன கெழவியா இருக்கும்ல."