ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது

நேயர்களுக்கு வணக்கம். பிக்கப் ஓட்டுகிறவர்களுக்குப் பழக்கமான ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். வலது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. இடது பின்சக்கரம் நல்ல தார்மேல் நிற்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சேற்றில் இருக்கிற சக்கரம் விர்ரென்று சுற்றுகிறது, தார்மேல் இருப்பது அசையக்கூட மாட்டேன் என்கிறது. இன்னும் மிதித்தால் சேறுதான் பறக்கும். இஞ்சினில் பலம் இல்லாமல் இல்லை. அந்தப் பலம் சக்கரத்துக்குப் போகிற வழியில்தான் சிக்கல் இருக்கிறது.

பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரிகிற பகுதிக்குள் டிஃபரன்ஷியல் இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த பெக்கர் என்பவர் 1827இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாகப் போக வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. அதைச் செய்கிற பல்சக்கர அமைப்புக்கு ஒரு குணம் உண்டு. வேகத்தை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ள விடும், ஆனால் திருகுவிசையை இரண்டு பக்கமும் சமமாக மட்டுமே கொடுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேற்றில் இருக்கிற சக்கரம் 200 நியூட்டன் மீட்டர் திருகுக்குமேல் தாங்காது, வழுக்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்மேல் இருப்பது 1500 வரை தாங்கும். டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் 200, 200 என்றுதான் கொடுக்கும். மொத்தம் 400. வண்டியை மேலே இழுக்க 700 வேண்டுமென்றால், எவ்வளவு மிதித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். பிடிப்புக் குறைந்த சக்கரம் எதுவோ, அதுதான் இரண்டுக்கும் சேர்த்து வரம்பு போடுகிறது.

பிக்கப்பில் இந்தத் தொல்லை காரைவிட அதிகம். சரக்கு இல்லாதபோது எடையில் பாதிக்கு மேல் முன்பக்கம் இருக்கும், தள்ளுகிறதோ பின்சக்கரங்கள். அப்புறம், பெரும்பாலான பிக்கப்களில் பின் அச்சு முழு இரும்புக் குழாயாக, பட்டை வில்களின்மேல் உட்கார்ந்திருக்கும். இஞ்சின் திருகுவது நீளத் தண்டு வழியாக வரும்போது அந்த அச்சையே பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கும். பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கம் தரையில் அமுங்கும், வலப்பக்கம் லேசாகும். சட்டென்று மிதித்துக் கிளப்பும்போது வலது பின்சக்கரமே பெரும்பாலும் முதலில் வழுக்குவது இதனால்தான்.

சரி, இதற்கு என்ன வழி? பழைய வழி லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது ஒரு சக்கரம் மட்டும் தனியாக ஓடுவதை ஓரளவுக்கு மேல் விடாத டிஃபரன்ஷியல். 1956இல் பாக்கார்ட் கார்களில் இது வந்தது. பிக்கப்களில் அதிகம் காண்பது தகட்டு வகை. டிஃபரன்ஷியலுக்குள், அச்சுத்தண்டைப் பிடித்திருக்கும் பல்சக்கரத்துக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில், மெல்லிய உராய்வுத் தகடுகளை அடுக்கியிருப்பார்கள். ஒரு தகடு பல்சக்கரத்தோடு சுற்றும், அடுத்தது கூட்டோடு சுற்றும். நடுவில் ஒரு சுருள்வில் அவற்றை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டிருக்கும். இஞ்சின் திருகத் தொடங்கியதும் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளும், தகடுகள் இன்னும் இறுகும். வழுக்குகிற சக்கரம் ஓடப் பார்த்தால் தகடுகளின் உராய்வு அதை இழுத்துப் பிடித்து, அந்த அளவு திருகை மறுபக்கத்துக்குச் சேர்த்துவிடும். தகடுகள் 300 தருகின்றன என்றால், சேற்றுச் சக்கரத்துக்கு 200, தார்ச் சக்கரத்துக்கு 500. மொத்தம் 700 கிடைத்துவிட்டது, வண்டி மேலே வந்துவிடும்.

டார்சன் என்ற வகையில் தகடுகளே கிடையாது, சாய்ந்த பற்கள் கொண்ட சக்கரங்களின் உராய்வே வேலையைச் செய்யும். அது பெருக்கல் கணக்கில் நடக்கும். வழுக்குகிற பக்கம் தாங்குவதைப்போல மூன்று மடங்குவரை மறுபக்கத்துக்குத் தரும் என்று வையுங்கள். அந்தச் சக்கரம் காற்றில் தொங்கினால்? சுழியத்தை மூன்றால் பெருக்கினாலும் சுழியம்தான். அப்போது மிதித்துக்கொண்டே பிரேக்கை இலேசாகத் தொட்டால் வண்டி நகரும். பிரேக் ஒவ்வொரு சக்கரத்திலும் 200 பிடித்தால், தொங்குகிற பக்கம் 200 தாங்குகிறது என்று டார்சன் எடுத்துக்கொண்டு மறுபக்கம் 600 கொடுக்கும். அதில் 200 பிரேக்குக்குப் போனாலும் 400 தரைக்குக் கிடைக்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் இதே வித்தையைச் செய்தால் ஒன்றும் மிஞ்சாது.

இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்துவிடும் முழுப் பூட்டு இன்னொரு வகை. ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் ஜி80 என்ற குறியீட்டோடு வருகிற ஈட்டன் நிறுவனத்தின் பூட்டு, இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் தானாகவே இறுகிக்கொள்ளும். மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் புதிதாகப் பூட்டிக்கொள்ளாது.

இனி டிராக்‌ஷன் கன்ட்ரோல். சக்கரம் வழுக்குவதைத் தானாகவே அடக்குகிற ஏற்பாடு இது. 1971இல் ப்யூக் கார்களில் மேக்ஸ்டிராக் என்று ஓர் அமைப்பு வந்தது. பின்சக்கரம் வழுக்கினால் இஞ்சினின் தீப்பொறியை வெட்டிவிடும், அவ்வளவுதான். இன்றைய அமைப்பு, பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். பிரேக்கின் உறுப்புகளையே வைத்து வேலை செய்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் வேக உணரி இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் தாறுமாறாகச் சுற்றினால், ஓட்டுநர் பிரேக்கைத் தொடாமலேயே ஏ.பி.எஸ். பம்ப் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். தேவைப்பட்டால் இஞ்சினின் வேகத்தையும் குறைக்கும். அமெரிக்காவில் சரக்கோடு சேர்த்து 4,536 கிலோ வரை எடையுள்ள வண்டிகளுக்கு, வண்டி சறுக்கித் திரும்பாமல் காக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு 2012 மாடல் ஆண்டு முதல் கட்டாயம். அதற்கும் இதே உணரிகளும் பம்பும்தான் வேண்டும் என்பதால், டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிட்டத்தட்டக் கூடவே வந்துவிட்டது.

அதே சேற்றுக் கணக்குக்கு வருவோம். வழுக்குகிற சக்கரத்தில் பிரேக் 600 பிடிக்கிறது. சேறு 200, பிரேக் 600, ஆக மொத்தம் அந்தப் பக்கம் 800 தாங்குகிறது. டிஃபரன்ஷியல் சமமாகத்தானே கொடுக்கும், மறுபக்கமும் 800 வந்துவிடும். தரைக்குக் கிடைப்பது 1000. ஆனால் இஞ்சின் பின் அச்சுக்குக் கொடுக்க வேண்டியது 1600. மிச்சம் 600 பிரேக் பட்டையில் சூடாகப் போய்விடுகிறது. மணலிலோ மேட்டிலோ தொடர்ந்து பாடுபடும்போது பிரேக் சூடேறிப்போகும். பல வண்டிகளில் கம்ப்யூட்டர் அந்தச் சூட்டைக் கணித்து, வரம்பு தாண்டினால் கொஞ்ச நேரம் பிரேக் போடுவதை நிறுத்திவிடும்.

பல ஓட்டுநர்கள் தவறுகிற இடம் இங்கேதான் என்பது என் எண்ணம். பம்ப் வேலை செய்யும்போது அடியில் கடகடவென்று சத்தம் வரும். ஏதோ உடைகிறது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுத்ததும் சக்கரம் மெதுவாகும், கம்ப்யூட்டர் பிரேக்கை விட்டுவிடும், வண்டி மறுபடி பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். சத்தம் வந்தால் காலை அப்படியே வைத்திருங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நொடி பொறுத்தால் மறுபக்கச் சக்கரம் இழுக்கத் தொடங்குவது இருக்கையிலேயே தெரியும்.

ஆழமான மணலில் கதை வேறு. அங்கே இஞ்சின் சுற்றுகிற சக்கரங்கள் எல்லாமே கொஞ்சம் வழுக்கிக்கொண்டேதான் போக வேண்டும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து இஞ்சினை அடக்கினால் ஓடுகிற ஓட்டமும் நின்றுவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கிற பொத்தான் இருப்பது இதற்காகத்தான். பல பிக்கப்களில் அதை ஒருமுறை அழுத்தினால் இஞ்சினை அடக்குவது மட்டும் நிற்கும், பிரேக் உதவி தொடரும்.

லிமிடெட் ஸ்லிப்பிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பின்சக்கரம் வழுக்கினாலும் மற்றது உருண்டுகொண்டே வண்டியின் வாலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும். லிமிடெட் ஸ்லிப்பில் இரண்டும் சேர்ந்து வழுக்கலாம். மழையில், காலி வண்டியில், வளைவில் மிதித்தால் வால் திரும்பிவிடும். இது இருக்கிறது என்ற தைரியத்தில் ஈரச் சாலையில் வேகம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பராமரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. தகட்டு வகைக்கு உராய்வைச் சீராக்கும் பொருள் கலந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் தடதடவென்று நடுங்கும். பின்பக்கம் ஒரு புது டயரும் ஒரு தேய்ந்த டயரும் போட்டால் நேர் சாலையில்கூடத் தகடுகள் ஓயாமல் உரசித் தேயும்.

பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் தகட்டு வகை லிமிடெட் ஸ்லிப் இருக்கிறதா, நன்றாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் முழுவதையும் உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை விடுங்கள். ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றதும் அதே திசையில் வலுவாகச் சுற்றுகிறதா? தகடுகள் நன்றாக இருக்கின்றன. எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது தேய்ந்துபோன தகடுகள். ஜி80 பூட்டு இதில் பெரும்பாலும் பிடிபடாது, கையால் சுற்றும் வேகத்தில் அது இறுகாது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, கியர் போட்டு ஓட்டிப் பார்க்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். லிமிடெட் ஸ்லிப் இருந்தால் தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் திருகு போய், வண்டி ஜாக்கைத் தள்ளிவிட்டுப் பாய்ந்துவிடும்.

நன்றி, வணக்கம்.