அரைப் பாகை பிழைத்தால் ரயர் என்ன பாடுபடும்? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அலைன்மென்ட் செய்யும் முறை

வணக்கம் உறவுகளே!

ஒரு கணக்கோடு தொடங்குவோம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீட்டர். உங்கள் காரின் ஒரு சில்லு நேராக நிற்காமல் அரைப் பாகை மட்டும் திரும்பி நிற்கிறது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாது. 14 அங்குல ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடிய வித்தியாசம், அவ்வளவுதான். ஆனால் அந்த ரயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 8.7 மீட்டர் பக்கவாட்டாக இழுபடுகிறது. கண்டி போய்ச் சேரும்போது கூட்டிப் பாருங்கள்: 2.8 கிலோமீட்டர்! அவ்வளவு தூரம் உங்கள் ரயர் தாரோடு உரசியிருக்கிறது.

[திரையில்: வெளிப்பக்கம் புதிதுபோல இருக்கும் ரயர். திருப்பினால் உள்விளிம்பில் கம்பி தெரிகிறது.]

இப்படி ஒரு ரயரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் இந்த வீடியோ உங்களுக்குத்தான். கடைசிவரை பாருங்கள், நூல் கட்டி அளக்கும் பகுதியைத் தவற விடாதீர்கள்.

இன்றைய கார் யூனோஸ் ரோட்ஸ்டர். உலகம் முழுக்க மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்று தெரிந்த அதே கார்தான். 1989இல் வந்தது, ஒரு தொன்னுக்குக் கிட்டிய எடை, லைட் மேலே எழும்பும். இந்த வரிசைக் கார்கள் 2016இல் 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டின. வரலாறு இவ்வளவு போதும்.

அலைன்மென்ட் என்பது சில்லுகள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது. அதில் மூன்று சொற்கள் தெரிந்தால் சரி. மேலிருந்து பார்க்கும்போது சில்லு உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பது டோ. முன்னால் நின்று பார்க்கும்போது சில்லின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். சில்லு எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர். வளைவு முடிந்து கையை விட்டதும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதற்கு இந்தக் காஸ்டர்தான் பெரிய காரணம். ரயரைச் சீக்கிரம் தின்பது டோ.

சரி, எங்கள் ஊரில் அலைன்மென்ட் என்றால் ஏன் முன்பக்கம் மட்டும்? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. யாழ்ப்பாணம் மொரிஸ் மைனரிலும் ஒஸ்டின் ஏ40இலும் வளர்ந்த ஊர். 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலை ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புது உதிரிப்பாகம் வராத நாட்களிலும் அந்தக் கார்கள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடின. அவற்றை ஓடவைத்த மெக்கானிக்மாரின் கைத்திறனுக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தாலும் தகும். அந்த மொரிஸ் மைனரின் பின்பக்கம் எப்படி என்று பாருங்கள்: ஒரே இரும்பு அச்சு, இரண்டு பக்கமும் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். திருகுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை! முன்னால்கூட டோ மட்டும்தான் மாற்றலாம். அதனால் முன்பக்க டோவைச் சரிபார்த்தால் வேலை முடிந்தது. அந்தக் காருக்கு அது முழு அலைன்மென்ட்தான். அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

ரோட்ஸ்டர் வேறு சாதி. நான்கு சில்லும் தனித்தனியாக இரட்டைக் கைகளில் நிற்கின்றன, அதாவது சில்லைக் காரின் உடலோடு இணைக்கும் கை மேலே ஒன்று, கீழே ஒன்று. முன்னால் டோ, கேம்பர், காஸ்டர் மூன்றையும் மாற்றலாம். பின்னால் டோவும் கேம்பரும் மாற்றலாம். இங்கே பின்பக்கத்தை விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது பாதி வேலைகூட இல்லை. குருநகர்க் கரையில் நிற்கும் படகைப் பாருங்கள், சுக்கான் எங்கே இருக்கிறது? பின்னால். காரின் பின்சில்லுகளும் அப்படித்தான். அவை இடப்பக்கம் பார்த்தால் கார் வலப்பக்கம் போகப் பார்க்கும், நீங்கள் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடித்துக்கொண்டே ஓடுவீர்கள். பின் டோ வெளியே திரும்பியிருந்தால் இன்னும் ஆபத்து: ஈர வீதியில், வளைவில், அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் வால் வீசும்.

ஆகவே என் முடிவு இதுதான்: இந்தக் காருக்கு முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தால் காசு வீண்.

அளக்க முன் காரின் கீழே படுங்கள். புஷ் (கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர்) வெடித்திருக்கிறதா, போல் ஜொயின்ட் (சில்லைத் திரும்பவிடும் உருண்டை மூட்டு) ஆடுகிறதா, டை ரொட் என்டில் (ஸ்டியரிங்கிலிருந்து சில்லுக்கு வரும் கம்பியின் முனை) தளர்வு இருக்கிறதா? இருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ரயருக்குக் காற்று 26 பிஎஸ்ஐ. ஆம், 26தான்! சொல்லாவிட்டால் 30க்கு மேல் அடித்துவிடுவார்கள்.

அடுத்தது கறள். தீபகற்பத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. பண்ணைப் பாலத்தால் ஒரு மாலை ஓடிப் பாருங்கள், இரண்டு பக்கமும் கடல், கண்ணாடியில் உப்புப் படியும். அதே உப்பு கீழேயும் படிகிறது. ரோட்ஸ்டரின் ஒவ்வொரு கீழ்க்கையிலும் இரண்டு சரிசெய் போல்ட், மொத்தம் 8. தலையோடு ஒரு வட்டத் தகடு, அதன் துளை நடுவில் இல்லாமல் தள்ளியிருக்கும், விளிம்பில் கோடுகள் பொறித்திருக்கும். நட்டைத் தளர்த்திப் போல்ட்டைத் திருப்பினால் கை உள்ளே அல்லது வெளியே நகரும். அழகான வேலைப்பாடு! ஆனால் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு கறளேறி ஒட்டிப்போயிருந்தால், நீங்கள் திருப்பும்போது ரப்பர்தான் முறுகும், சில நேரம் கிழியும். பலம் காட்டாதீர்கள். கறள் கழற்றும் எண்ணெயை முதல் நாளே அடித்து ஊறவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் போல்ட்டை வெட்டி எடுத்துப் புது போல்ட்டும் புஷ்ஷும் போடுவதுதான் வழி. அலைன்மென்ட் சென்டருக்குப் போக முன்பே எட்டும் அசைகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது நூல்!

[திரையில்: காரின் இரண்டு பக்கமும் நீளமாக இழுத்துக் கட்டிய நூல். வெயிலில் மின்னுகிறது.]

இது தங்கூசி. மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் வாங்கலாம். மெல்லியது, நன்றாக இழுத்துக் கட்டினால் தொய்யாது. இரண்டு நேரான அலுமினியக் குழாய் எடுத்து, இரண்டிலும் ஒரே இடைவெளியில் வெட்டுக்குறி போடுங்கள். ஒன்றைக் காரின் முன்னாலும் மற்றதைப் பின்னாலும், சில்லின் நடு உயரத்தில், ஸ்டாண்ட் மேல் வையுங்கள். குறிக்குக் குறி தங்கூசியை இழுத்துக் கட்டினால் இரண்டு நூலும் சமாந்தரமாக நிற்கும். பிறகு குழாய்களை மெல்லத் தட்டித் தட்டி, இடது முன் சில்லின் மையத்திலிருந்து நூலுக்குள்ள தூரமும் வலது முன் சில்லின் தூரமும் ஒன்றாக வரச் செய்யுங்கள். பின்னாலும் அப்படியே. முன்னுக்கும் பின்னுக்கும் தூரம் ஒன்றாக வராது, பயப்பட வேண்டாம்: இந்தக் காருக்குப் பின்பக்கம் சற்று அகலம். இடமும் வலமும் ஒத்திருந்தால் போதும்.

இனி இரும்பு அடிமட்டம். ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கு ஒரு அளவு, பின் விளிம்பிலிருந்து ஒரு அளவு. முன் அளவு கூடியிருந்தால் சில்லு உள்ளே திரும்பியிருக்கிறது. நான்கு சில்லின் உண்மையும் உங்கள் கையில்! கேம்பருக்கு மேசன்மாரின் தூக்குக்குண்டு போதும். இந்த ரிம்மில் ஒரு பாகை என்பது மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 6 முதல் 7 மில்லிமீட்டர்.

தரை சமமாக இருக்க வேண்டும். கராஜ் தரைகள் தண்ணீர் ஓடச் சாய்வாகப் போட்டவை. மேசன்மார் மட்டம் பார்க்கும் அதே தண்ணீர்க் குழாயால் நான்கு இடத்தையும் பார்த்து, பள்ளமான இடத்தில் தரை ஓடு வையுங்கள். சில்லுகளுக்குக் கீழே இரண்டு பொலித்தீன் தாள், நடுவில் கிறீஸ், அப்போதுதான் சில்லு தடையில்லாமல் நகரும். ஜாக்கியில் தூக்கி இறக்கிய கார் உடனே தன் உயரத்துக்கு வராது, முன்னும் பின்னும் உருட்டி, நாலு தரம் அமுக்கி விடுங்கள். சாரதி ஆசனத்தில் ஒரு 50 கிலோ அரிசி மூட்டை! இவ்வளவு இலேசான காரில் ஆள் ஏறினாலே கேம்பர் மாறும்.

அளவுகள்? வீதியில் ஓட்டும் பல ரோட்ஸ்டர்காரர் முன்னுக்குக் கேம்பர் மைனஸ் 1 பாகை, பின்னுக்கு மைனஸ் 1.5 அளவில் வைக்கிறார்கள். டோ முன்னும் பின்னும் ஒரு துளி உள்ளே. ஸ்டியரிங்கை நேராகக் கட்டி வைத்துவிட்டு, முன் டோவைக் கடைசியாகச் செய்யுங்கள். போல்ட்டுகளைக் கார் தன் காலில் நிற்கும்போதுதான் முழுதாக இறுக்க வேண்டும், தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகியபடியே இருக்கும்.

கம்ப்யூட்டர் அலைன்மென்டுக்குப் போகிறவர்களுக்கு: யூனோஸ் என்ற பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் எம்.எக்ஸ்-5 அல்லது மியாட்டா என்று தேடச் சொல்லுங்கள். "அண்ணை, நாலு சில்லும், பின்பக்கம் முதல்" என்று தொடங்க முன்பே பேசிவிடுங்கள். வேலைக்கு முந்திய அளவும் பிந்திய அளவும் இருக்கும் தாளைக் கேட்டு வாங்குங்கள். தாழ்ந்த கார், ஏறுபாதையில் மூக்கு உரசும், இரண்டு பலகை கொண்டு போங்கள்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. ஆனையிறவு நேர்வீதி அருமையான இடம், ஆனால் சோளகம் வீசும் நாளில் வேண்டாம், காற்றே காரைத் தள்ளும். வீதியின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருப்பதால், இடப்பக்கம் மெல்ல நகர்வது அலைன்மென்டின் பிழை இல்லை. ஸ்டியரிங் நேராக இருக்கிறதா, வளைவுக்குப் பிறகு தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ரயர்மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் தடவினால் வழுக்கி, எதிர்த்திசையில் தடவினால் அரம் போலக் கிழித்தால், டோ இன்னும் பிழை, திரும்ப நூலைக் கட்டுங்கள்.

டொயோட்டாவின் எம்.ஆர்.2, செலிக்கா கார்கள் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், அடுத்ததாக உங்கள் காருக்குக் கீழே படுப்போம். இந்த எட்டு போல்ட்டும் புதிதாக எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்களும் கட்டாயம் எழுதுங்கள், பலருக்கு உதவும்.