தையல் யூனிட்டுக்கு இடம் பிடித்தாச்சு, மேசையும் வந்தாச்சு!

வணக்கம் மக்களே! முதலில் இந்த மேசையைப் பாருங்கள். தட்டிக் காட்டுகிறேன், சத்தம் கேட்கிறதா? இது மேசையே இல்லை, கதவு! பழைய மரச்சாமான் கடையில் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஃப்ளஷ் டோர். ஏழடி நீளம், மூன்றடி அகலம். கடைக்காரர் 2,000 சொன்னார். கீல் இருந்த பள்ளத்தைத் தடவித் தடவிக் காட்டியே 1,400-க்கு இறக்கிவிட்டேன். நம் பேரம் உங்களுக்குப் புதிதா என்ன?

கால் அடிக்க வந்த ஆசாரி அண்ணன், "மேசைன்னா முப்பது இஞ்ச்தாம்மா" என்று ஒரே பிடி. முப்பது உட்கார்ந்து சாப்பிடுவதற்கு, அண்ணே! நாள் முழுக்க நின்று துணி வெட்டுகிறவளுக்கு இடுப்பு உயரம் வேண்டும். என் உயரத்துக்கு 36. முனகிக்கொண்டே அடித்துக் கொடுத்தார்.

சரி, இடத்துக்கு வருகிறேன். போன வீடியோவில் காட்டிய பைபாஸ் ரோடு கடையைத்தான் பாதிப் பேர் எடுக்கச் சொன்னீர்கள். ரோட்டுமேல் ஷட்டர், எல்லாம் சரிதான். ஆனால் பத்து மாத அட்வான்ஸ்! உள்ளே ஜன்னலே இல்லை, ஃபால்ஸ் சீலிங் நிறைய மஞ்சள் லைட்டு. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. அந்த வெளிச்சத்தில் நேவி ப்ளூவும் கருப்பும் ஒரே நூலாகத் தெரியும். வாடிக்கையாளர் வெயிலில் பிளவுஸைப் பிரித்துப் பார்த்தால் நம் மானம் போய்விடும்.

அதனால் மதுரை எல்லீஸ் நகரில் இந்த மாடி அறை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். பெரும்பாலும் நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் சீராக வரும். மே, ஜூன், ஜூலையில் மதுரைக்குச் சூரியன் கொஞ்சம் வடக்கே ஏறிவிடும், அப்போது ஒரு திரை போட்டால் போதும். ராத்திரிக்கு 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் மாதிரியான வெள்ளை டியூப். மாடி ஏறி யார் வருவார்கள் என்கிறீர்களா? மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துத் தையல்காரர்கள் தூணுக்குத் தூண் நடுவே மிஷின் போட்டுத் தைத்தவர்கள். இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். தையல் நன்றாக இருந்தால் தேடி வருவார்கள்.

அட, மிஷினைச் சொல்லவே இல்லையே! செகண்ட் ஹேண்ட் ஜூக்கி. அதில் இருந்த கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் போட்டேன். கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், நாம் தைக்கிறோமா இல்லையா என்ற கவலையே அதற்குக் கிடையாது. சர்வோ பெடலை மிதித்தால்தான் சுற்றும். வீட்டு கனெக்‌ஷனில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், இங்கே கமர்ஷியல் மீட்டர், அந்தச் சலுகை இல்லை. ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் நம் காசு.

ஒன்றை விட்டுவிட்டேன். இந்த அறையில் இருப்பதெல்லாம் 5 ஆம்ப் பிளக் பாயிண்ட். என் ஸ்டீம் அயர்னுக்கு 15 ஆம்ப் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடச் சொல்லி யாரும் கமெண்டில் வராதீர்கள், துணி குவிந்த அறையில் அந்த விளையாட்டே வேண்டாம். எலக்ட்ரீஷியன் நாளைக்கு மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுக்கிறார். பாயிண்டை மேசையின் எந்தப் பக்கம் வைக்கலாம், அதை மட்டும் சொல்லுங்கள். நான் இடதுகைக்காரி, மறந்துவிடாதீர்கள்.