ஒரு கையெழுத்து போடாததால பாரிஸை விட்ட பாண்டிக்காரங்க!

(பீச் ரோடு. பின்னாடி கடல் சத்தம்.)

பிரான்ஸ் அதிபர் தேர்தல் வந்தா நம்ம பாண்டியிலயும் வாக்குச்சாவடி போடுவாங்க. வரிசையில நிக்கிறது பூ வெச்ச தமிழ்ப் பாட்டிங்க! பல பேருக்கு அந்த ஓட்டு, 60 வருஷத்துக்கு முன்னாடி வீட்டுப் பெரியவர் போட்ட ஒரு கையெழுத்தால வந்தது.

போரான பகுதியை ஓட்டிடுறேன். சில சட்டத்துக்குப் பிறக்கும்போதே சாவு தேதி எழுதிடுவாங்க. புதுப்பிக்கலைன்னா தானா காலாவதி. பயங்கரவாதத்துக்கு எதிரான தடா சட்டம் 1985ல ரெண்டு வருஷத்துக்குன்னு வந்துச்சு, நீட்டி நீட்டி 1995ல போச்சு. ஆனா பழைய வழக்கு தொடரும்னு அதுலயே எழுதியிருந்ததால, 1998ல ராஜீவ் காந்தி கொலை வழக்குல பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்குத் தூக்கு விதிச்சுது. செத்த சட்டம்! சரி, பாண்டிக்கு வாங்க.

பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த பாண்டியை இந்தியாவுக்குக் குடுக்க பிரான்ஸோட போட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ல அமலுக்கு வந்துச்சு. இங்கேயே பிறந்து இங்கேயே இருந்த பிரெஞ்சுக் குடிமக்கள், அதே குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். குடுக்கலையா? தானா இந்தியர். "எங்கப்பா மட்டும் அன்னைக்கு சைக்கிளை எடுத்திருந்தா..."ன்னு பெருமூச்சு விடுற ஆள் இங்க தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார்.

எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். அதே ஒப்பந்தத்துல பிரெஞ்சு மொழிக்கு நேர் எதிர் விதி. மக்கள் பிரதிநிதிகள் வேற முடிவு எடுக்கிற வரைக்கும் அதுதான் ஆட்சிமொழி. குடியுரிமை சும்மா இருந்தா போயிடும், மொழி சும்மா இருந்தா நிக்கும். ஒரே பேனா! கெடு எத்தனை நாள்னு பாக்குறதைவிட, யாரும் வாயே திறக்கலைன்னா என்ன ஆகும்னு பாக்குறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன்.

மத்திய அரசு வேலைக்குப் பயன்படுத்துற இங்கிலீஷுக்கும் கெடு இருந்துச்சுங்க! அரசியல் சட்டம் குடுத்தது 15 வருஷம், 1965 ஜனவரி 26 வரைக்கும். 1963 சட்டம் "அப்புறமும் தொடரலாம்"னு சொல்லுச்சு. தொடரணும்னு இல்ல, தொடர'லாம்'. அந்த 'லாம்'ல யாருக்கும் நம்பிக்கை வரல. 1965ல தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. 1967 திருத்தம் கடிகாரத்தையே திருப்பி வெச்சுது: இந்தியை ஆட்சிமொழியா ஏத்துக்காத மாநிலங்கள் அத்தனையும் வேணாம்னு தீர்மானம் போடுற வரைக்கும் இங்கிலீஷ் இருக்கும். நம்ம பிரெஞ்சு விதி மாதிரியே இல்ல?

உங்க வீட்டுல அந்த ஆறு மாசத்துல கையெழுத்து போட்ட தாத்தா, போடாம விட்ட தாத்தா யார் இருந்தாலும் கமெண்ட்ல கதையைச் சொல்லுங்க. காரைக்கால்காரங்களே, உங்களையும்தான் கேக்குறேன்.