நிரையும் நிறையும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். எடை பார்க்கக் கூப்பிட்டால் நம் பெண்கள் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள். பிறகு கைப்பை, அப்புறம் வளையல். எல்லாம் கழற்றியும் முள் 80-ஐத் தாண்டும். "சோறு கம்மியாத்தான் மிஸ்ஸி சாப்பிடுறேன்" என்பார்கள். அதில் பொய்யில்லை.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுத்தவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு நிரை பிடித்து 400, 500 மரம். வெட்டி முடித்ததும் அதே மரங்களுக்கு மறுபடி நடந்து பாலெடுக்க வேண்டும், கையில் வாளிக் கனத்தோடு. சின்ன 'ர' போட்ட நிரை மரவரிசை. பெரிய 'ற' போட்டால் எடை. அந்த நிரை போனது, இந்த நிறை வந்தது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு நிலம் வீடமைப்புக்குப் போனது, நாம் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனோம். தோட்டத்து லய வீடுகளின் பின்பக்கத்து முருங்கையும் மரவள்ளியும் நம்மோடு மாடி ஏறவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பால்மாவு கொடுத்த கைதான் இது.

இப்போது 12 மணி நேர ஷிப்டு. வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் ஃபேக்டரி பஸ். இரவு வேலை முடித்துக் காலையில் வருகிறவள் கீரை ஆய்வாளா? பரோட்டா மாதிரி இரண்டு ரொட்டி சானாய், ஆற்றிய பால் தேநீராக ஒரு தே தாரிக். மலிவு, வயிறு நிறையும், அப்படியே தூங்கலாம்.

தே தாரிக்கைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் கேளுங்கள். டின்பால் என்று கடைக்காரர் ஊற்றுவது பல கடைகளில் இனிப்பு கிரீமர். சீனியும் செம்பனை எண்ணெயும் கலந்தது. நம் பால்மரத்தைத் தள்ளிய செம்பனை நம் தேத்தண்ணிக்குள்ளேயே வந்துவிட்டது, பார்த்தீர்களா! 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டார்கள். அது போத்தலிலும் டின்னிலும் வருவதற்கு. கடையில் ஆற்றித் தருவதற்கு இல்லை.

அதே 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு எடை அதிகம். இனவாரியாக இந்தியர்களான நாம்தான் முதலிடம். மற்றதில் எங்கே இருக்கிறோமோ, இதில் முதலிடம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுத் தம்பி, ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரல் காட்டுகிறார். பள்ளிக் கேண்டீனைப் பற்றி எழுதி வந்த தாள் அப்படியே இருக்கிறது. சரி, நாளை மணியடித்ததும் பள்ளி வாசலில் பிள்ளைகள் எந்த வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். வணக்கம்.